கயிறு இல்லாமல் வராத பாட்டு: இசை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வு முறை

இசைப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டுக்கு வந்ததும் 'ஆராய்ச்சி நெறிமுறைகள்' என்று ஒரு தாள் வந்து நிற்கும். அதுவரை வர்ணம், கீர்த்தனை, கல்பனாஸ்வரம் என்று போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு கலக்கம். பாடத் தெரிந்தால் போதாதா, இது எதற்கு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் மண்டபம் என்ற கடலோர ஊரில் பிறந்தவள், மதுரையில் தங்கி இசை படித்தவள். இப்போது ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் எழுதும்போது உதவி கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆராய்ச்சி என்றதும் நாலு புத்தகத்தை அடுக்கி வைத்துக்கொண்டு அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுதுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் முதலில் எழுதிய முப்பது பக்கமும் அந்த ரகம்தான். ஆய்வு முறை என்று சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் ஒரு முடிவுக்கு எந்த வழியாக வந்தீர்கள் என்பதை, உங்களைத் தெரியாத இன்னொருவர் அதே வழியில் நடந்து பார்த்து, சரியா தவறா என்று சொல்லும்படி எழுதி வைப்பது.

தொடங்குவதற்கு ஒரு நோட்டும் ஒரு ஸ்கேலும் போதும். பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் கட்டம் 'கண்டது'. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும் அதில் வரும். இரண்டாவது 'சொன்னது'. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதோடு சேர்த்து. மூன்றாவது 'நினைத்தது'. உங்கள் மனத்தில் ஓடியதெல்லாம் அங்கே. 'இந்தப் பாட்டு நூறு வருஷம் பழசு' என்று ஒருவர் சொன்னால் அது இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டும். முதல் கட்டத்தில் அதற்கு இடமே கிடையாது, நூறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் அங்கே இல்லை. 'பாட்டு சோகமாக இருந்தது' என்பது மூன்றாம் கட்டம். 'வரியின் கடைசி எழுத்தை நீட்டினார், நீட்டும்போது சுருதி இறங்கியது' என்பது முதல் கட்டம். இந்தக் கோடு கைக்குப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கேள்வி சிறிசாக வேண்டும்

என் ப்ராஜெக்ட்டுக்கு நான் வைத்த முதல் தலைப்பு 'இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை மக்களின் இசை'. வழிகாட்டியாக இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "கடற்கரை எவ்வளவு நீளம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பார்த்துக்கொண்டு போனேன். ஏறத்தாழ 237 கிலோமீட்டர். "தினம் ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் உன் செமஸ்டர் முடிஞ்சிரும்மா. எந்த ஊரு, யாரு, என்ன பாட்டு, அதுல உனக்கு என்ன தெரியணும்?" என்றார்.

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று போகும் இந்தக் கரையில் முளைப்பாரிக் கும்மி இருக்கிறது. மாதா கோயில் திருவிழாப் பாட்டு, தர்காவில் சந்தனக்கூடு, கோயில் நாகஸ்வரம், வலை இழுக்கும் பாட்டு எல்லாம் இருக்கின்றன. இத்தனையையும் ஒரே ஆய்வேட்டில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் கிடைக்கும். அந்த இரண்டு பக்கத்திலும் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான் இருக்கும்.

மூன்று வாரம் அலைந்த பிறகு என் கேள்வி இப்படி ஆனது: கரைவலை இழுக்கும்போது பாடும் பாட்டில், மடி கரையை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறதா?

கரைவலை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, படகில் போய் வலையை வளைவாக இறக்கி, மறு கயிற்றோடு கொஞ்சம் தள்ளிக் கரைக்கு வருவார்கள். பிறகு இரண்டு கயிற்றிலும் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றை ஒன்று நெருங்கும். மீன் சேரும் பை போன்ற பகுதிதான் மடி, அது கடைசியில் கரையேறும். ஒருவர் ஒரு வரி எடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடுவார்கள். இதை அம்பாப் பாட்டு என்று சொல்வதுண்டு, ஏலேலப் பாட்டு என்றும் சொல்வார்கள்.

ஒரு கேள்வி நல்ல கேள்வியா என்று பார்க்க நான் பிள்ளைகளிடம் சொல்லும் சோதனை ஒன்றுதான். அதற்கு 'இல்லை' என்று பதில் வர இடம் இருக்கிறதா? 'கடலோர இசை வளமானதா?' என்று கேட்டால் 'இல்லை' என்று யாரும் எழுதப் போவதில்லை. அதனால் அது கேள்வியே இல்லை. 'ராமேஸ்வரம் கோயிலில் ஒரு வாரம் அர்த்தசாமப் பூஜையின்போது நாகஸ்வரத்தில் என்னென்ன ராகம் வாசிக்கிறார்கள், ஒரே ராகம் திரும்ப வருகிறதா?' என்பது கேள்வி. 'எங்கள் ஊர் முளைப்பாரிக் கும்மியில் முதல் அடி எடுப்பது எப்போதும் வயதில் மூத்தவர்தானா?' என்பதும் கேள்வி. இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்று வரலாம். வந்தாலும் அது ஒரு கண்டுபிடிப்புதான்.

ஏற்கெனவே எழுதியதைப் படிப்பது

களத்துக்குப் போகுமுன் உங்கள் விஷயத்தில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சென்னை மியூசிக் அகாடமியின் இதழ் 1930 முதல் வெளிவருகிறது, அதில் கட்டுரைகளும் விவாதங்களும் குவிந்து கிடக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் படுக்கையில் இருந்தபடியே போனில் திறக்கலாம். பழைய அச்சு நூல்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. படிக்கும்போதே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒப்படைக்கும் முந்தின இரவு அந்தப் பக்க எண்ணைத் தேடி அழ வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தில்தான் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். நேரடியாகக் கிடைப்பது முதல்நிலைச் சான்று, இன்னொருவர் வழியாக வருவது இரண்டாம்நிலைச் சான்று என்று பாடத்தில் வரும். பழைய புத்தகம் என்றால் முதல்நிலை என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்து ஒரே புத்தகம் இரண்டாகவும் ஆகும். கீர்த்தனைகளை ஸ்வரக் குறிப்போடு தொகுத்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் எட்டயபுரத்தில் அச்சானது. 1904-ல் கமகங்களை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதங்களை, எப்படிக் குறித்தார்கள் என்பது உங்கள் கேள்வியானால் அது முதல்நிலைச் சான்று, அதைவிட நேரடியானது வேறெதுவும் இல்லை. அதே குடும்பத்தில் அவருக்கு முன் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர் தன் வாயால் எப்படிப் பாடினார் என்பது கேள்வியானால், அவர் மறைந்தது 1835-ல். இடையில் 69 ஆண்டுகளும் சில தலைமுறைகளும் இருக்கின்றன. குடும்ப வழியில் வந்த மதிப்பு மிக்க சாட்சிதான், ஆனால் நோட்டில் அது 'சொன்னது' கட்டத்தில்தான் வரும்.

நம் ஊர்ப் பெயர்களிலேயே இதற்குப் பயிற்சி எடுக்கலாம். ராம்நாட் கிருஷ்ணன் என்ற பெரிய பாடகர், 1918-ல் பிறந்து 1973-ல் மறைந்தவர். பெயரிலேயே ராமநாதபுரம் இருப்பதால் ஒரு மாணவன் 'ராமநாதபுரத்தில் பிறந்தார்' என்று எழுதிக்கொண்டு வந்தான். அவர் பிறந்தது ஆலப்புழையில், வளர்ந்தது இங்கே. இன்னொரு பக்கம் நாகூர் ஹனிபா. பெயரில் நாகூர் இருக்கிறது, பிறந்தது ராமநாதபுரத்தில். பெயரைப் பார்த்து ஊரை எழுதுவது கண்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. மூன்றாம் கட்டத்தில் இருக்க வேண்டியது முதல் கட்டத்துக்குத் தாவிவிட்ட கதை.

பூச்சி சீனிவாச ஐயங்காரையும் சொல்ல வேண்டும். 1860-ல் பிறந்து 1919-ல் மறைந்த ராமநாதபுரத்துக்காரர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு. அவருக்குப் 'பூச்சி' என்று ஏன் பெயர் வந்தது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. எது உண்மை என்று மாணவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லப் பார்க்கிறார்கள். அவசரமே வேண்டாம். ஒவ்வொரு கதையையும் யார் எழுதினார், எந்த ஆண்டு எழுதினார், ஐயங்காரை நேரில் அறிந்தவரா, இல்லை அறிந்தவரிடம் கேட்டவரா என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த வரிசையைப் பார்த்தாலே எந்தக் கதை எதிலிருந்து கிளைத்தது என்று ஓரளவு புரியத் தொடங்கும்.

கரைக்குப் போவது

சரி, இப்போது என் கரைவலைக்கு வருகிறேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் வலை இழுப்பவர்களில் அம்பா எடுக்கத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். என் அப்பாவுக்குப் பழக்கம். ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போனை முன்னால் வைத்து, "தாத்தா, ஒரு அம்பா பாடுங்க" என்றேன். இரண்டு வரி பாடினார். நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றார். வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நான் மூன்றாம் கட்டத்தில் எழுதிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா, சும்மா உக்காந்துக்கிட்டு எப்புடி வரும்? கயிறு கையில இருந்தாத்தான் வாயில வரும்."

இரண்டு நாள் கழித்து விடியற்காலை கரைக்குப் போனேன். அதே மனிதர் கயிற்றைப் பிடித்ததும் வரி வரியாகக் கொட்டினார். நான் நிற்கும் இடத்தைப் பார்த்து என்னை வைத்தே ஒரு வரி கட்டிப் பாட, எல்லாரும் சிரித்துக்கொண்டே 'ஏலேலோ' வாங்கினார்கள். திண்ணையில் பார்த்தது மறதி இல்லை. இந்தப் பாட்டை நினைவில் இழுத்துக்கொண்டு வருவதே கயிறுதான்.

களப்பணி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆலன் மெரியம் என்ற அமெரிக்க இசை மானிடவியலாளர் 1964-ல் ஒரு வழி சொன்னார். ஒலியை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஒலியை உண்டாக்கும்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும், அதைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். திண்ணையில் எனக்குக் கிடைத்தது அரைகுறை ஒலி மட்டும். கரையில் கை, கால், முதுகு, மணலில் கால் புதைவது, வரிசையின் வால்பக்கம் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீரோரம் முன்னால் பிடிப்பது எல்லாம் கிடைத்தன.

மேன்டில் ஹுட் என்ற இசை ஆய்வாளர் 1960-ல் இன்னும் ஒரு படி மேலே போய், படிக்கிற இசையை ஆய்வாளர் தானே செய்து பழக வேண்டும் என்றார். நானும் ஒருநாள் கயிற்றைப் பிடித்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையைத் தேய்த்துவிட்டது, மூன்று நாள் தம்புரா மீட்ட முடியவில்லை. ஆனால் 'ஏலேலோ'வில் எந்த எழுத்தில் மூச்சு விடுவது, எந்த எழுத்தில் இழுப்பது என்பது என் உடம்புக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். கரையில் நின்று பார்த்தபோது இரண்டையும் மாற்றி எழுதி வைத்திருந்தேன்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "இது பாரம்பரியப் பாட்டுங்களா?" என்று கேட்டால் "ஆமாம்மா" என்றுதான் வரும். கேட்ட பிள்ளை வருத்தப்படக் கூடாது என்பதற்காகவே ஆமாம் சொல்லும் ஊர் இது. "இதை முதமுதல்ல யாரு பாடிக் கேட்டீங்க?" என்று கேளுங்கள். "எங்க சின்னையா. அவரு பாம்பன்ல வலைக்கு நின்னாரு" என்று ஒரு ஆளும் ஒரு ஊரும் கையில் வரும். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். பெரியவர்கள் பேச்சை நிறுத்தி யோசிக்கும் அந்த அரை நிமிடத்தில் நாம் அடுத்த கேள்வியைப் போட்டுக் கெடுத்துவிடுகிறோம்.

நேரம் பார்த்துப் போவதும் ஆய்வு முறையில் சேர்த்திதான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாள்களில் ஆட்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு, படகு பழுது பார்த்துக்கொண்டு இருப்பார்கள், பேசப் பொழுது இருக்கும். மீன் வந்து இறங்கும் நேரத்தில் மைக்கை நீட்டினால் அது அவர்கள் பிழைப்பில் குறுக்கே விழுவது.

பதிவு

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கையில் இருக்கும் போன் போதும், ஆனால் சில வேலை செய்ய வேண்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது அலைச் சத்தம் என்று நினைத்துக் குழுவின் குரலையே அமுக்கிவிடும். எம்பி3-க்குப் பதிலாக வேவ் கோப்பாகப் பதியுங்கள். சிடி தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி ஆகும், ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பி. போனில் இடம் காலி செய்துகொண்டு கிளம்புங்கள்.

நம் கரையில் எதிரி காற்றுதான். என் முதல் பதிவில் பாட்டைவிட 'புர்ர்' என்ற சத்தம்தான் அதிகம். மைக் இருக்கும் முனையில் மெல்லிய பருத்தி சாக்ஸ் ஒன்றைப் போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் பெருமளவு குறையும். எங்கள் பக்கம் இன்னொரு வசதியும் உண்டு. மண்டபத்துக்கும் தீவுக்கும் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கி இருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அது அப்படியே மாறும். எந்த மாதம் எந்தக் கரையில் பதிவு செய்யலாம் என்று மீனவர்களையே கேளுங்கள், வானிலைச் செயலியைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உங்கள் குரலில் தேதி, நேரம், இடம், யார் பாடுகிறார், சுற்றி யார் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். காகிதம் தொலையும், கோப்பின் பெயர் மாறும், ஆனால் குரல் பதிவோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆர்னால்ட் பேக் என்ற டச்சுக்காரர் 1938-ல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் இசையைப் பதிவு செய்தார். 1984-ல் நசீர் ஜைரஸ்பாய், ஏமி காட்லின் என்ற இரண்டு இசை ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே தடத்தில் திரும்பப் போய், எது இருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். 46 ஆண்டு கழித்து ஒருவர் அப்படித் தேடிப் போக முடிந்ததற்குக் காரணம், எது எங்கே பதிவானது என்ற குறிப்பு மிஞ்சியிருந்ததுதான். உங்கள் பதிவையும் 46 ஆண்டு கழித்து ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டு வரும் என்று நம்பிக் குறிப்பு எழுதுங்கள்.

ஒலியை எழுத்தாக்குவது

கர்நாடக இசை படித்தவர்களுக்கு இங்கேதான் பெரிய தடை. கையில் ச ரி க ம இருக்கிறது, உடனே எழுத உட்கார்ந்துவிடுகிறோம். சார்லஸ் சீகர் என்ற இசை ஆய்வாளர் 1958-ல் ஒரு பிரிவினையை எடுத்துக் காட்டினார்: 'இப்படிப் பாடு' என்று சொல்லும் குறிப்பு ஒன்று, 'இப்படிப் பாடினார்கள்' என்று சொல்லும் குறிப்பு இன்னொன்று. நம் ஸ்வரக் குறிப்பு முதல் வகை. ஏற்கெனவே குருவிடம் கேட்ட பாட்டை ஞாபகப்படுத்த அது அருமையான கருவி. கேட்டே இராத ஒருவருக்கு ஒரு அம்பாவை அதில் எழுதிக் காட்டினால், அவர் அதை மோகன ராகமாகவோ மத்யமாவதி ராகமாகவோ பாடிவிடுவார்.

நான் செய்தது இது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு 'ஏலேலோ' தொடங்கும் வினாடியையும் குறித்தேன். வரிகளைப் பேச்சு வழக்கிலேயே எழுதினேன். சுருதிக்குப் போனில் சுருதிப் பெட்டியை வைத்து ஒத்துப் பார்த்தேன். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். தொடங்கும்போது இரண்டு கட்டை, முடியும்போது கிட்டத்தட்ட இரண்டரை. மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது, பாடியவர்கள் யாரும் அதை உணரவில்லை. இதைவிட நுணுக்கமாக அளக்க வேண்டும் என்றால் அலெக்சாண்டர் எல்லிஸ் 1885-ல் முன்வைத்த அளவு இருக்கிறது. ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ச முதல் அடுத்த மேல் ச வரை உள்ள தூரத்தை, 1,200 சென்ட் என்று பகுத்து, எந்த நாட்டு ஸ்வரத்தையும் அதில் வைத்துச் சொல்லலாம். சோனிக் விஷுவலைசர் போன்ற இலவச மென்பொருள்களில் சுருதிக் கோட்டைப் படமாகவே பார்க்கலாம். பட்டப்படிப்புக்குக் கட்டைக் கணக்கே போதும் என்பது என் எண்ணம். கருவி கொடுக்கும் தசம எண்களில் மயங்கி, காதால் கேட்பதை விட்டுவிடும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

ஆறு நிமிடப் பதிவை இப்படி எழுத எனக்கு நான்கு மாலை ஆனது. அதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் நாலு எண்ணிக்கைக்கு ஒரு முறை 'ஏலேலோ' வருகிறது. சில இடங்களில் மட்டும் எடுப்பவர் வரியை நீட்டிவிடுகிறார், ஐந்தோ ஆறோ ஆகிவிடுகிறது. அந்த இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'தாளம் தவறுகிறது' என்று எழுதினேன். அதையும் முதல் கட்டத்தில் எழுதினேன். அதுதான் தப்பு.

பதிவை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனேன். இசை ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், பாடியவருக்கே திரும்பப் போட்டுக் காட்டுவது. காதில் ஹெட்செட் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். நான் வட்டமிட்ட முதல் இடம் வந்ததும் கையைத் தூக்கினார். "இந்தா, இங்க ஒருத்தன் வால்ல இருந்து முன்னுக்கு ஓடியாறான். அவன் கயித்தப் பிடிக்கணும்ல? பிடிக்கிற வரைக்கும் நான் நிப்பாட்டி வைக்கணும். இல்லாட்டி இழுவை தனியா, ஆளு தனியாப் போயிரும்."

நான் பிழை என்று குறித்த அத்தனை இடத்திலும் ஒரு ஆள் ஓடிவந்துகொண்டிருந்தார். ஒலியில் அவர் காலடி கேட்காது. பாட்டு அவருக்காகக் காத்திருந்தது மட்டும்தான் கேட்கும். சிவப்பு வட்டங்களை அழிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் தாத்தா சொன்னதை இரண்டாம் கட்டத்தில் எழுதினேன். அடுத்த வாரம் கரைக்குப் போய், ஆள் மாறும் நேரத்தையும் வரி நீளும் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்து ஒத்துப் பார்த்தேன். பிறகுதான் அது முதல் கட்டத்துக்கு வந்தது.

என் மூலக் கேள்விக்குக் கிடைத்த பதில் நான் எதிர்பார்த்தபடி வரவில்லை. ஒரு நாள் மடி நெருங்க நெருங்க வேகம் கூடியது. இன்னொரு நாள் வலை நிறையச் சொறி (ஜெல்லி மீன்) ஏறி, மடி கல்லாகக் கனத்து, பாட்டு முடிவை நோக்கி மெதுவாகிக்கொண்டே போனது. வேகத்தை முடிவு செய்வது தூரமா கனமா என்று கேள்வியை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மாற்றியதையும் ஏன் மாற்றினேன் என்பதையும் ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன். வழிகாட்டி அம்மா அதிகமாகப் பாராட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

அனுமதி

எல்லாப் பாட்டும் பதிவு செய்வதற்காக இல்லை. கீழக்கரையில் ஒரு வீட்டில் ஒரு மூத்த உம்மா பேரனுக்குப் பாடும் தாலாட்டைக் கேட்டு உருகிப்போய் போனை எடுத்தேன். "குரலு வேணாம்மா. ஊரெல்லாம் கேக்கும். சொல்ல மட்டும் எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். அந்த மெட்டு என் ஆய்வேட்டில் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது, அவர் பெயர் இல்லாமல். ஒப்பாரிக்கும் இதே கவனம் வேண்டும். சாவு வீட்டுக்குப் பதிவுக் கருவியோடு போகாதீர்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடச் சொல்லியும் கேட்காதீர்கள், பல பேர் அதை அபசகுனமாக நினைக்கிறார்கள். சிலர் வீட்டை விட்டு வெளியே மரத்தடிக்கு வந்து பாடிக் காட்டச் சம்மதிப்பார்கள். அதை அவர்களே சொல்லட்டும்.

தாத்தா நேர் எதிர். பெயரைப் போடட்டுமா, மறைக்கட்டுமா என்று கேட்டபோது, "எம் பேரையும் போடு, எங்க சின்னையா பேரையும் போடு" என்றார். பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், இணையத்தில் போடுவேனா மாட்டேனா என்று பாடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சம்மதத்தைக் காகிதத்தில் கையெழுத்தாக வாங்கலாம். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் பதிவின் தொடக்கத்திலேயே வாய்மொழியாக வாங்கலாம். பிறகு ஒரு பிரதியை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

எழுதும்போது

எழுத உட்காரும்போது மூன்று கட்டமும் மூன்று விதமான வாக்கியமாக மாறும். 'வரி நீளும் இடங்களில் வரிசையில் ஆள் மாறுவதைக் கண்டேன்.' 'ஆள் பிடிக்கும்வரை நிறுத்தி வைப்பதாக அம்பா எடுப்பவர் சொன்னார்.' 'ஆகவே இந்த நீட்சி வேலைக்காக அமைந்தது என்று கருதுகிறேன்.' கண்டேன், சொன்னார், கருதுகிறேன். இந்த மூன்று வினைமுற்றும் தெளிவாக இருந்தால், தேர்வாளர் எந்த இடத்தில் உங்களோடு சண்டை போடலாம் என்று அவருக்கே தெரியும். 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்றால் மிகையாகாது' என்று வரும் வாக்கியங்களைப் பார்த்தால் நான் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். பெரும்பாலும் அங்கே மூன்று கட்டமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

அந்தப் பழைய நோட்டை இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. இரண்டாம் பக்கத்திலேயே, 'சொன்னது' கட்டத்தில், 'அம்பா ஆம்பளைங்க பாட்டு' என்று இருக்கிறது. மூன்று பேர் சொன்னார்கள், மூன்று பேருடைய பெயரும் தேதியும் பக்கத்தில் இருக்கின்றன. ஆய்வேட்டிலும் அதை அப்படியே எழுதினேன். கல்லூரி முடித்து வெகுகாலம் கழித்து, ஒரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவதற்காக மூன்றாம் நாள் பதிவைத் திறந்தேன். 8 நிமிடம் 40 வினாடியில், ஆண்களின் 'ஏலேலோ' முடியும் இடத்தில், தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் அதை வாங்கி இன்னொரு முறை பாடுகிறது. மீன் பிரிக்கக் கூடையோடு காத்திருந்த பெண்கள் பக்கமிருந்து வருகிறது. அன்று நான் அங்கேதான் நின்றேன், என் காதில் விழவே இல்லை.

நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முதல் கட்டத்தில் '8:40, பெண் குரல், ஒரு முறை'. மற்ற இரண்டு கட்டமும் காலி. போன மாதம் தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு மாணவி அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவளுடைய அப்பத்தா அந்தக் கரையில் மீன் பிரித்தவராம்.